ஐப்பசிப் பூரணையின் பெயரும் பொருளும்



ஐப்பசித் திங்கள் வெள்ளுவா நன்னாளில் எம்பெருமானுக்கு அன்னாபிடேகம் நிகழ்வதை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றோம். இந்நாள் இப்பெயர் பெற்றது எவ்வாறு, பாலும் தேனும் இருக்க இன்று அன்னத்தை ஆட்டுவது ஏன் என்று வினவுவார் சிலரே. அவ்விரண்டையும் நாம் சிறிது சிந்திப்போம்.

திங்கள்களுக்கு நம் முன்னோர் பெயரிட்டது மதி நிறையும் விண்மீனைக் கொண்டே. சித்திரை மீனையொட்டி நிறைவது சித்திரை. விசாகத்தையொட்டி நிறைவது வைகாசி. அசுவினி மீனுக்கு வடமொழியில் அசுவயுக் என்பது பழம்பெயர். குதிரைகளைப் பூட்டியது என்பது அதன் பொருள். அதனின்றும் பிறந்த ஆசுவயுசம் என்னும் பெயரே தமிழ் நாவிற் பழகி ஐப்பசி ஆயிற்று. இம்மாதத்தில் ஞாயிறு துலாத்தில் நிற்கும். நிறைமதி அதற்கு நேர் எதிரே மேடத்தில் நிற்றல் வேண்டும். ஆதலால் அசுவினி, பரணி, கார்த்திகையின் முதற்பாதம் என்னும் இவற்றுள் ஒன்றிலே இப்பூரணை வந்து பொருந்தும்.

வடநாட்டார் ஆசுவினப் பூரணையைச் சரற்பூர்ணிமை என்பர். கோசாகரி என்றும் அழைப்பர். 'யார் விழித்திருக்கின்றார்?' என்பது அச்சொல்லின் பொருள். அன்றிரவு திருமகள் உலகெங்கும் உலவி இவ்வாறு வினவி, விழித்திருப்பார்க்குச் செல்வம் அருள்வாள் என்பது அவர்தம் நம்பிக்கை. மகாராட்டிரத்தில் காய்ச்சிய பாலை நிலவொளியில் வைத்து அருந்துவர். அவர்கள் சந்திர மாதத்தையும் நாம் சூரிய மாதத்தையும் கொள்வதால், இவ்விரு நாள்களும் எப்போதும் ஒன்றாகா. 2023ஆம் ஆண்டில் இரண்டும் அக்டோபர் 28ஆம் நாளிலேயே அமைந்தன. 2025இலோ, அவர்களுக்கு அக்டோபர் 6, நமக்கு நவம்பர் 5.

வடநாட்டில் அக்காலம் மழை ஓய்ந்து வானம் துலங்கும் காலம். அதனால் அவர்கள் நிலவைக் கொண்டாடினர். நம் நாட்டிலோ 'ஐப்பசி அடைமழை' என்பது பழமொழி. நிறைமதி முகிலிடை மறைந்திருத்தலும் உண்டு. குறுவை அறுவடையாகிப் புதுநெல் வீடு சேரும் காலமும் இதுவே. வானத்து மதியைக் காணாவிடினும், மதியின் தானியமாகிய நெல்லைச் சோறாக்கி, மதிசூடிக்கே சாத்தினர் நம்மவர் என்று கொள்வது பொருந்தும்.

மதிக்கும் அன்னத்திற்கும் உள்ள உறவு பழமையானது. பயிர்களுக்கு அதிபதி சோமன் என்பர் வைதிகர். தக்கன் மகளிர் இருபத்தெழுவரை மணந்த சந்திரன், உரோகிணியிடத்து மட்டுமே அன்பு வைத்தான். மாமன் சாபத்தால் நாளும் தேய்ந்தான். சிவபெருமானைச் சரணடைந்து, தேய்ந்தவன் வளரும் வரம் பெற்றான். இக்கதையின் உட்கருத்து யாது? ஒருபுறமே அன்பு செலுத்தி ஏனையோரை மறந்தவன் தேய்வான். யாவர்க்கும் ஒளி தருபவனே நிறைவான். பூரணையில் நாம் காண்பது அந்நிறைவையே.

அன்னாபிடேகத்தின் முறையிலும் இக்கருத்தே விளங்குகின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுந்தருளுவித்த பெருமான் ஏறத்தாழப் பதின்மூன்றரை அடி உயரமுடையார். அத்திருமேனி முழுதும் வெண்சோற்றால் மூடப்பெறுங் காட்சி காணக் கிடைத்தற்கரியது. வழிபாடு முடிந்தபின், பாணத்தின் மேற்சாத்திய அன்னத்தைப் பல கோயில்களில் நீர்நிலையிற் கரைப்பர். அது மீன் முதலிய உயிர்கட்கு உணவாம். எஞ்சிய அன்னம் அடியார்க்கு வழங்கப்படும். இறைவன் தனக்கென ஒரு பருக்கையும் வைத்துக்கொள்வதில்லை என்பதை நினைமின்!

ஐப்பசிக்கும் அமுதுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார், மயிலையில் பூம்பாவையை எழுப்பிய திருப்பதிகத்தில் ஐப்பசி ஓண விழாவையும், தவத்தோர் உண்பதையும் சேர்த்தே சுட்டுகின்றார். அப்பிள்ளையாரும் நாவுக்கரசரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. இறைவன் நாடோறும் படிக்காசு வைத்தருள, அதுகொண்டு அடியார் பசி தீர்த்தனர் என்று பெரியபுராணம் பேசுகின்றது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் நம் நாட்டு மக்கள் எத்தனை இலக்கம் பேர் சோறின்றி மாய்ந்தனர்! சோற்றின் அருமை பசித்தவர்க்கே தெரியும்.

'சோறு கண்ட இடம் சொர்க்கம்' என்பதைச் சோம்பரைப் பழிக்கும் சொல்லாகவே பலரும் வழங்குகின்றனர். அன்னத்தில் ஆண்டவனைக் கண்டார்க்கு அது இழிசொல் ஆகாது. இன்று ஒவ்வொரு பருக்கையும் ஒரு சிவலிங்கம் என்று கைகூப்புகின்றோம். நாளை நம் வீட்டு இலையில் அதே பருக்கையைச் சிந்தி எறிந்தால், இன்றைய கைகூப்பு என்னாவது? வாயிலில் பசித்து நிற்பானைக் காணாது கருவறையை மட்டும் காண்பது கண்டதாகுமா? 'யார் விழித்திருக்கின்றார்?' என்ற வடநாட்டு வினாவை நாமும் நம்மை நோக்கிக் கேட்போம். அயலான் பசியை அறிய விழித்திருப்பவனே விழித்திருப்பவன்.

ஆதலால் அன்பர்களே, தரிசனம் முடித்துப் பிரசாதம் பெற்று மீள்கையில், அதனில் ஒரு பிடியேனும் மற்றொருவர்க்கு ஈந்து செல்லுங்கள். ஐப்பசிப் பூரணை அப்போதே நம்மிடத்தில் நிறைவுறும்.

திருச்சிற்றம்பலம்.