சமூக சேவைத் தண்டனை

சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஊருக்குப் பயன்படும் வேலையைக் கூலியின்றிச் செய்யும்படி குற்றவாளிக்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை. பெரும்பாலான நாடுகளில் இதற்கு மணிநேரமே அளவு.

1966இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் அலமீடா வட்டாரத்தில், போக்குவரத்து விதியை மீறியவர்களிடம் இம்முறை பயன்பட்டது. தெளிவான சட்ட வடிவம் கொடுத்தது இங்கிலாந்து. சிறைகள் நிரம்பி வழிந்த நேரத்தில், பார்பரா வூட்டன் தலைமையிலான குழு 1970இல் இதைப் பரிந்துரைத்தது. 1972இல் சட்டமாகி, மறு ஆண்டு டர்ஹம், கென்ட், நாட்டிங்ஹாம்ஷயர் உள்ளிட்ட ஆறு பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கியது. அப்போது 40 முதல் 240 மணி நேர வேலை. ஓராண்டுக்குள் முடித்தாக வேண்டியிருந்தது. கட்டாய உழைப்பு என்ற பழி வராதிருக்கக் குற்றவாளியின் சம்மதமும் கேட்கப்பட்டது. 1997இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

இது தண்டனையா, திருத்தமா, ஈடுசெய்தலா? மூன்றும்தான் என்றது வூட்டன் குழுவின் அறிக்கை. எல்லாரையும் திருப்திப்படுத்த எழுதியது அது என்று வூட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2008இல் இங்கிலாந்தில், வேலை செய்பவர் முதுகில் 'சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்துதல்' என்ற பொருள்படும் எழுத்துகளோடு ஆரஞ்சு மேற்சட்டை ஏறியது. தண்டனை ஊர்க் கண்ணில் பட வேண்டும் என்ற தரப்பு வென்றதன் அடையாளம் அது.

இந்தியாவில் 1978 தண்டனைச் சட்டத் திருத்த மசோதா 40 முதல் 1000 மணி நேரம் வரை விதிக்க முன்வந்தது. மாநிலங்களவை நிறைவேற்றியும், 1979இல் மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டும் இதை அனுமதித்தது. இலங்கை 1999இலேயே சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்குத் தனிச் சட்டம் இயற்றியது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இந்தியாவின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா ஆறு குற்றங்களுக்கு இதை ஏற்கிறது. அவதூறு அவற்றில் ஒன்று. முதல்முறை திருடிப் பிடிபட்டவர், பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு தப்பலாம். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கும் இது உண்டு. ஆனால் அக்குற்றத்துக்குச் சிறையே அதிகபட்சம் 24 மணி நேரம்தான் என்பதால், சிறை நெரிசல் இதனால் பெரிதாகக் குறைய வழியில்லை. என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. காலாவதியான மசோதாவில் மணிக்கணக்காவது இருந்தது.