கஜானாச் சாவி

என் பெரியப்பா ஒரு சார்நிலைக் கருவூலத்தில் ஷராப்பாக, அதாவது பணம் எண்ணி வாங்கிப் பூட்டும் காசாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ‘கஜானாக்காரர் வீடு எது?’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அரைஞாண் கயிற்றில் முடிந்த ஒரு பித்தளைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்க்க எங்களுக்குள் போட்டியே நடக்கும். “எடுத்துட்டுப் போங்கடா, ஒண்ணும் கிடைக்காது. இன்னொரு சாவி ஆபீசர் கையில இருக்கு” என்று சிரிப்பார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் கருவூலத்தின் முதல் விதி. காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி கருவூல அலுவலரிடம், மற்றது ஷராப்பிடம். ஒன்று மற்றதன் பூட்டுக்குச் சேராது. மாற்றுச் சாவிகள் முத்திரையிட்ட உறையில் வேறோர் அலுவலகத்தில் இருக்கும். காலையில் பாரா போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் தங்கள் பூட்டைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு முறை பள்ளி விடுமுறையில் அந்த வாசல் வரை போயிருக்கிறேன். இரும்புக் கதவு திறந்ததும் அரக்கு வாசனையும் பழைய காகித வாசனையும் சேர்ந்து அடித்தது. நான் எதிர்பார்த்த பொற்குவியல் அங்கே இல்லை. முத்திரைத்தாள் கட்டுகள், அஞ்சல் பார்சல் போலத் தைத்து அரக்கு வைத்த பரீட்சை வினாத்தாள் கட்டுகள், டிரங்குப் பெட்டிகள், அவ்வளவுதான். அந்த வருடம் பத்தாம் வகுப்பு எழுதிய என் அக்காவுக்கு, தன் வினாத்தாள் பெரியப்பாவின் சாவிக்குள் படுத்திருக்கிறது என்பதே தாங்க முடியாத வயிற்றெரிச்சல்.

தமிழ்நாட்டு அரசின் கருவூலர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுக் கருவூலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்திரேலிய மாநிலங்களில் நிதியமைச்சருக்கே அந்தப் பட்டம். இங்கிலாந்தில் பெரிய கருவூலர் என்று ஒரு பிரபு இருந்தார். 1714-க்குப் பிறகு அந்தப் பதவியில் யாரையும் உட்கார வைக்காமல், வேலையை ஒரு குழுவுக்குப் பிரித்துவிட்டார்கள். ஒருவரிடம் மொத்தச் சாவியையும் கொடுப்பதில் உள்ள ஆபத்து அவர்களுக்கு அப்போது உறைத்திருக்கும். நமக்கு அது அதற்கும் முன்பே தெரியும். சோழர் கல்வெட்டுகளில் ஒரு ஊரின் வரியை நீக்க அரசன் வாய்திறந்து ஆணையிட்டாலும், அது திருமந்திர ஓலை எழுதுவோன், புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம் வைத்திருப்பவர், வரியிலிடு, முகவெட்டி என்று ஒரு பட்டாளத்தைத் தாண்டித்தான் நடைமுறைக்கு வருகிறது. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டதாகக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு படித்த நண்பர் ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் ‘அந்தக் காலத்து ஃபைல் மூவ்மென்ட்’ என்பார்.

கருவூலத்தின் சாவி சென்னையில் கிண்டிப் பக்கம் வந்த கதைக்கு மன்றோவைத் தொட வேண்டும். தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநர். அதற்கு முன் பாராமகாலிலும் பிற மாவட்டங்களிலும் வயல் வயலாகப் போய் வரி நிர்ணயித்தவர். ரயத்துவாரி முறை என்றால் அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். ஜமீன்தார் என்ற ஒரு பெரிய கை இல்லாமல், ஒவ்வொரு விவசாயியும் நேரே அரசுக்குக் கிஸ்தி கட்டுவது அந்த முறை. அப்படியென்றால் லட்சக்கணக்கான சின்னக் கைகளிலிருந்து காசு வர வேண்டும். அதை வாங்க, எண்ண, பூட்டி வைக்க ஒரு பெரும் ஏற்பாடு தேவை. கிராமத்தில் முன்சீப்பு பணத்தைத் தொடுவார், கணக்குப்பிள்ளை எழுதுவார். பணம் தொடுகிறவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் தொடக் கூடாது. கிராமத்தின் இரட்டைப் பூட்டு அதுதான். பரம்பரை உரிமையாக வந்த அந்த இரண்டு பதவிகளையும் 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, பரம்பரை போனது நல்லது. ஆனால் இரண்டு வேலையும் ஒரே கிராம நிர்வாக அலுவலர் தலையில் ஏறியதை என் பெரியப்பா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த மன்றோ காலத்தில்தான், 1821-ல், அரசு கிண்டி லாட்ஜை வாங்கியது. இன்றைய ஆளுநர் மாளிகை அது. மான்கள் திரியும் காட்டுக்கு நடுவே, கோட்டையின் புழுக்கத்திலிருந்து தப்பி வர ஆளுநர்களுக்கு ஒரு தோட்ட வீடு.

வீட்டைச் சுற்றி இருந்த வயல்களின் கிஸ்தி அந்த வீட்டுக்கு வரவில்லை. அடையாற்றைத் தாண்டிப் போனது. அப்போது கிண்டி சென்னை நகரமே அல்ல; செங்கற்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். பின்னாளில் நூறாண்டுக்கு மேல் அந்த மாவட்டத்தின் தலைமையிடமும் சைதாப்பேட்டைதான். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-ல் தன் காசில் கட்டிக்கொடுத்த மர்மலாங் பாலத்தின் மீதுதான் தென்கரையின் வெள்ளியும் செம்பும் வடகரைக் கச்சேரிக்குப் போயிருக்கும். அந்த இடத்தில் இப்போது இருக்கும் பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். அங்கே கலெக்டர்தான் கருவூலத்துக்கும் பொறுப்பு. கோர்ட்டு, வரி, போலீஸ் எல்லாவற்றையும் பார்த்த அதே மனிதர் ‘ஹுசூர் கஜானா’ சாவிக்கும் பதில் சொல்ல வேண்டும். நாணயத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுண்டிக் காதருகே பிடித்து, நல்ல ரூபாயா கள்ள ரூபாயா என்று சத்தத்திலேயே சொல்லும் ஷராப் அவருக்குக் கீழே. பெரியப்பாவும் அப்படிச் சொல்வார். நிக்கல் காசு வந்த பிறகு ‘எல்லாம் ஒரே ஓட்டைச் சத்தம்’ என்று சலித்துக்கொண்டார்.

வங்கிகள் வளர வளரச் சாவியின் கனம் குறைந்தது. 1806-ல் தொடங்கிய அரசு வங்கி, 1843-ல் பாங்க் ஆஃப் மெட்ராஸ், 1921-ல் இம்பீரியல் வங்கி, 1955-ல் ஸ்டேட் வங்கி என்று உருமாறியது. 1935-ல் ரிசர்வ் வங்கி வந்தது. மாகாணங்களின் கணக்கும் பிறகு அதனிடம் போனது. அதன் பிறகு பெரும்பாலான கருவூலங்களில் பணமே இல்லை. பணம் பக்கத்து வங்கியில். கருவூலத்தில் இருப்பது ‘கொடுக்கலாம்’ என்ற சொல் மட்டும். 1962-ல் கருவூலம் வருவாய்த் துறையின் பிடியிலிருந்து பிரிந்து, நிதித் துறையின் கீழ் தனித் துறையானது. இது வெறும் அலுவலக மாற்றம் அல்ல. அதுவரை வசூலிக்கிறவரும் காவல் காக்கிறவரும் ஒரே கலெக்டர். அன்றுதான் மாவட்ட அளவிலும் இரண்டு சாவிகள் வந்தன. துறையின் தலைமை அலுவலகம் இன்று நந்தனத்தில், பேராசிரியர் க. அன்பழகன் மாளிகையில். தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர் அன்பழகன். கிண்டியிலிருந்து கணக்குப் பார்த்தால் அதே ஆறு, அதே வடகரை, கொஞ்சம் தள்ளி. இத்தனை வருடத்தில் சாவி நகர்ந்த தூரம் ஒரு பஸ் டிக்கெட்தான்.

சாவியின் இன்னொரு பாதி மட்டும் ஆற்றுக்குத் தெற்கே கிண்டியில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் வரவெல்லாம் தொகுப்பு நிதியில் சேர வேண்டும். சட்டப்படி அல்லாமல் ஒரு ரூபாய்கூட அதிலிருந்து வெளியே போகக் கூடாது. அந்தச் சட்டம்தான் 204-ஆம் பிரிவு சொல்லும் நிதி ஒதுக்கச் சட்டம். கோட்டையில், சட்டமன்றத்தில், மானியக் கோரிக்கைகள் மீது நாள்கணக்கில் விவாதம் நடக்கும், குரல் வாக்கெடுப்பு நடக்கும், நாமும் டிவியில் பார்ப்போம். அத்தனையும் முடிந்த பிறகும் அந்த மசோதா கிண்டிக்குப் போய் ஆளுநரின் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து விழும்வரை ராமநாதபுரத்தில் ஒரு ஆசிரியைக்குச் சம்பளம் போட முடியாது.

ஆசிரியையின் சம்பளப் பட்டியல் பிறகு எப்படிப் போகிறது? பணம் பெற்று வழங்கும் அலுவலரின் கணினியில் ஒருவர் தயாரிக்கிறார், ஒருவர் சரிபார்க்கிறார், ஒருவர் ஒப்புதல் தருகிறார். மாவட்டமென்றால் கருவூலம், சென்னையென்றால் சம்பளக் கணக்கு அலுவலகம். அங்கே மறுபடி தணிக்கை. பிறகு ரிசர்வ் வங்கியின் மென்பொருளுக்குப் போகிறது. அதன் பெயர் ‘இ-குபேர்’. தேவலோகத்தின் ஒரே கருவூலர் குபேரன்; அவரையும் சர்வரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஏழுமலையான் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுவதாகச் சொல்வார்கள். மாநில அரசுகளும் கையில் காசு இல்லாத நாள்களில் இதே குபேரனிடம் வழிவகை முன்பணம் வாங்கி வட்டி கட்டுகின்றன. கடைசியில் எல்லாச் செலவின் கணக்கும் தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயரிடம் போய்ச் சேரும். அவர் மாநில அரசுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். சாவி ஒருவரிடம், பேரேடு வேறொருவரிடம்.

பித்தளைச் சாவியின் இடத்தில் இப்போது டிஜிட்டல் கையெழுத்து. கட்டைவிரல் நீள பிளாஸ்டிக் குச்சி, கூடவே ஒரு ரகசிய எண். ஓர் அலுவலகத்துக்கு வேலையாகப் போயிருந்தபோது பார்த்தேன்: அதிகாரியின் குச்சி உதவியாளரின் மேசை இழுப்பறையில், குண்டூசி டப்பாவோடு கிடந்தது. எண் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. “சார் மீட்டிங்கில் இருப்பார், நாங்களே போட்டுவிடுவோம்” என்றார்கள். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒரு நாற்காலி செய்துகொண்டிருந்தது. என் பெரியப்பா பார்த்திருந்தால் அன்றைக்கு இரவு தூங்கியிருக்க மாட்டார். மென்பொருள் எவ்வளவு கோடி செலவில் வந்தாலும், இரட்டைப் பூட்டு மனிதர்களின் பிடிவாதத்தில்தான் நிற்கிறது.

இத்தனை பூட்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். எல்லாமே பணம் வெளியே போகும் வாசலில் இருக்கின்றன. உள்ளே வரும் வாசலில்?

ஆளுநர் மாளிகையிலிருந்து கொஞ்ச தூரம்தான் கிண்டி குதிரைப் பந்தய மைதானம். அரசு நிலம் 160 ஏக்கர் 86 சென்ட். 1946-ல் பந்தயக் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. வருட வாடகை 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. 1957-ல் நயா பைசா வந்ததும் 13 அணா 81 காசாகியிருக்கும். கணக்கில் துல்லியம் குறையாது. 1970-ல் அரசு வாடகையை உயர்த்தியது, வழக்கு வளர்ந்தது, வருடங்கள் ஓடின. 1970 முதல் 2004 வரையிலான நிலுவை மட்டும் 730 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று அரசு கேட்டது. அதைக் கட்டும்படி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் கருவூலத்தின் மேல் குற்றம் இல்லை. செலானில் எழுதிய தொகையும் கையில் வந்த தொகையும் ஒன்றா என்று பார்த்து வாங்கிப் பூட்டுவதுதான் ஷராப்பின் வேலை. எவ்வளவு கேட்க வேண்டும் என்பது வேறு மேசையின் வேலை. அந்த மேசைக்கு இரண்டாவது சாவி யாரும் செய்து கொடுக்கவில்லை. ஒரு ரூபாய் செலவழிக்க ஆறு கையெழுத்து வேண்டும். வர வேண்டிய ரூபாயைக் கேட்காமல் விட ஒரு கையெழுத்தும் வேண்டாம்.

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. 9-ஆம் தேதி வருவாய்த் துறை அதிகாரிகள் வந்து மைதானத்தின் வாசல்களைப் பூட்டி சீல் வைத்தார்கள்.