நிலவை நம்பாத தோட்டக்காரர்

பிப்ரவரி மாதம் பாதி கடந்திருக்கும். ஐரோப்பாவின் வயல்களில் பனி இன்னும் முற்றாக விலகியிராது. மண் சில்லிட்டுக் கிடக்கும். மரங்களில் ஓர் இலைகூட இராது. ஆயினும் தோட்டம் வைத்திருப்போர் சிலரின் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கிக்கொண்டிருக்கும். இன்று வேர்ப்பயிர்களுக்கு உகந்த நாள், நாளை மறுநாள் இலைப்பயிர்களுக்கு, இடையில் சில மணி நேரம் எதையும் தொடாதிருத்தல் நலம் என்று சந்திரனின் போக்கை வைத்து அது கட்டளையிடும். ஜன்னலோரத் தட்டுகளில் தக்காளி விதையும் மிளகாய் விதையும் ஊன்றுவோர் அதைப் பார்த்துவிட்டே மண்ணில் கைவைப்பர். பெர்மாகல்ச்சர் என்னும் நிலைத்த வேளாண் முறையைப் பின்பற்றுவோரிடையேயும் இப்பழக்கம் உண்டு.

வளர்பிறை பார்த்து நற்காரியம் தொடங்கும் மரபில் வந்த நமக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? தேய்பிறையில் வெட்டிய மூங்கிலை வண்டு துளைக்காது என்று சொல்லும் முதியவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. இந்த நம்பிக்கையை முப்பதாண்டுகள் தம் தோட்டத்தில் உற்றுநோக்கி, இதில் ஒன்றுமில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போன தோட்டக்காரர் ஒருவர் 17ஆம் நூற்றாண்டிலேயே வாழ்ந்திருக்கிறார்! அவரும் சாதாரணத் தோட்டக்காரர் அல்லர். ஐரோப்பாவின் மிக வல்லமை வாய்ந்த அரசரின் உணவு மேசைக்குப் பொறுப்பேற்றவர். அப்படியிருக்க, விரட்டப்பட்ட நிலவு எந்த வழியாகத் தோட்டத்துக்குள் திரும்பி வந்தது?

அவரைச் சந்திக்குமுன் பழைய ரோமாபுரிக்கு ஒருமுறை சென்று வருவோம். கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த கேட்டோ வேளாண்மை பற்றி எழுதிய நூல்தான் இலத்தீன் உரைநடையில் முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது. அத்தி, ஒலிவம், ஆப்பிள், பேரி, திராட்சை ஆகியவற்றுக்கு ஒட்டுக்கட்டும் நேரத்தைக் கேட்டோ அதில் வரையறுக்கிறார். நண்பகலுக்குப் பின், தென்காற்று வீசாத வேளையில், நிலவு மௌனமாக இருக்கும்போது ஒட்டுக்கட்ட வேண்டுமாம். மௌன நிலவு என்பது அமாவாசையைக் குறிக்கும் இலத்தீன் வழக்கு. எத்தனை அழகான சொல்லாட்சி! மரம் வெட்டுவதைத் தேய்பிறைக்கு ஒதுக்குகிறார் அவர்.

கேட்டோ காலத்து ரோமானியரின் நாட்காட்டி எந்த நிலையில் இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கி.மு. 190இல் ரோமில் ஒரு சூரிய கிரகணம் தெரிந்தது. வரலாற்றாசிரியர் லிவி அதன் தேதியைக் குறித்திருக்கிறார்; இன்றைய வழக்கில் சொன்னால் அது ஜூலை 11. வானியல் கணக்கின்படி அந்தக் கிரகணம் நிகழ்ந்ததோ மார்ச் 14ஆம் நாள். ஏறத்தாழ நான்கு மாதப் பிழை! இடையிடையே மாதம் சேர்த்து ஆண்டைச் சரிசெய்யும் பொறுப்பு பூசாரிகளின் கையில் இருந்தது. அவர்கள் அதைச் செய்யத் தவறியதன் விளைவு இது. ஏட்டின்படி நடுக்கோடை, வயலிலோ குளிர் விடைபெறும் காலம். அந்த ஏட்டை நம்பிக் கத்தரிக்கோலை எடுத்த உழவன் என்ன ஆவான்?

ஆகவே உழவன் வானத்தைப் பார்த்தான். பருவத்தை விண்மீன்களைக் கொண்டும் பறவைகளின் வரவைக் கொண்டும் அறிந்தான். பருவத்துக்குள் நாளைக் குறிக்க நிலவு உதவியது. எழுத்தறியாத பண்ணை அடிமையும் மேற்பார்வையாளனும் தலையை உயர்த்தினால் ஒரே நிலவைத்தான் பார்த்தார்கள். நிலவு முதலில் ஒரு கடிகாரமாகவே தோட்டத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அந்தக் கடிகாரம் பிறகு காரணமாகவும் மாறிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, நிலவு வளர்கையில் சிப்பிக்குள் சதையும் வளர்கிறது என்று நம்பினார். சிப்பிக்குப் பொருந்துவது செடிக்குப் பொருந்தாதா?

இனி வெர்சாய்க்குச் செல்வோம். ழான் பத்தீஸ்து த லா கென்தினி 1626இல் பிறந்தவர். சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். இத்தாலியப் பயணத்தில் கண்ட தோட்டங்கள் அவரை நீதிமன்றத்திலிருந்து மண்ணுக்கு இழுத்துவிட்டன. 1670இல் பதினான்காம் லூயி அவரை அரண்மனைகளின் பழ, காய்கறித் தோட்டங்களுக்குத் தலைவராக்கினார். 1678 முதல் 1683 வரை வெர்சாயில் ‘அரசரின் காய்கறித் தோட்டம்’ உருவாயிற்று. அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் எது தெரியுமா? நாற்றமெடுக்கும் குளம் என்று மக்கள் அழைத்த சதுப்பு நிலம். அதில் வடிகால் வெட்டி, அருகில் சுவிஸ் காவற்படையினர் ஏரி தோண்டியபோது எடுத்த மண்ணைக் கொட்டி, அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பி, ஏறத்தாழ ஒன்பது ஹெக்டேரில் தோட்டம் அமைத்தார்கள்.

அரசருக்குப் பருவத்தில் விளைந்ததை மட்டும் உண்ணும் பொறுமை இல்லை. டிசம்பரில் ஆஸ்பராகஸ், மார்ச் இறுதியில் ஸ்ட்ராபெரி, ஏப்ரலில் பட்டாணி, ஜூனில் அத்திப்பழம் என்று மேசைக்கு வந்தாக வேண்டும். மார்ச் இறுதியில் ஸ்ட்ராபெரி பழுக்க வேண்டுமானால் குளிர்காலத்தின் பின்பாதியில் தோட்டக்காரர் உறங்க முடியாது. லா கென்தினி என்ன செய்தார்? அரண்மனைக் குதிரை லாயங்களின் புதுச்சாணத்தைக் குவித்து, அது நொதிக்கும்போது எழும் வெப்பத்தின்மேல் பாத்தி அமைத்தார். செடிகளின்மேல் மணிவடிவக் கண்ணாடிக் கூடுகளைக் கவிழ்த்தார். தோட்டத்தை உயரமான சுவர்களால் பல அறைகளாகப் பகுத்தார். பகலில் வெயிலைக் குடித்த சுவர் இரவில் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும். அந்தச் சுவரோடு பேரி மரங்களைத் தட்டையாகப் படரவிட்டார். அரசர் பெரிதும் விரும்பிய அத்தியைப் பெட்டிகளில் வளர்த்துக் குளிரில் உள்ளே எடுத்துவைத்தார். எந்தச் சுவர் கிழக்கு நோக்கியது, எதன் நிழல் எந்நேரத்தில் எங்கே விழும் என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இத்தனை நுணுக்கமாக வெயிலை அளந்த மனிதர் நிலவையும் அளக்காமல் விடுவாரா? அக்காலத் தோட்டக்காரர்கள் விதைப்பது, ஒட்டுக்கட்டுவது, கத்தரிப்பது என எதற்கும் பிறை பார்த்தார்கள். இவரும் முப்பதாண்டுகள் பிறைகளைக் கவனித்துவந்தார். அவை பழம்பேச்சுகளே என்ற முடிவுக்கு வந்தார். எந்தப் பிறையில் வேண்டுமானாலும் ஒட்டுக்கட்டுங்கள். ஒட்டும் தாய்ச்செடியும் நன்றாக இருந்து, கை தேர்ந்ததாக இருந்தால் பிடிக்கும். எந்தப் பிறையில் வேண்டுமானாலும் விதையுங்கள். மண்ணும் விதையும் பருவமும் சரியாக இருந்தால் முளைக்கும். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு பிறையை நம்பித் தவறியிருந்தால் அரசரின் மேசை வெறுமையாகும். அந்த நிலையில் இருந்த ஒருவரின் சாட்சியம் என்பதால் இதற்குத் தனி எடை உண்டு. அவர் 1688இல் மறைந்தார். நூலை 1690இல் அவருடைய மகன் வெளியிட்டார். 1693இல் ஜான் ஈவ்லின் பெயரில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. படித்தவர்கள் பலர் இருந்தும், பிறை பார்க்கும் வழக்கம் நின்றபாடில்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி, 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கிடைக்கிறது. ஏப்ரலில் தொடங்கும் சந்திர மாதத்தைப் பிரெஞ்சு உழவர்கள் ‘செந்நிலவு’ என்பார்கள். அந்த நிலவின் ஒளி பட்ட இளந்தளிர்கள் காலையில் சிவந்து கருகிக் கிடக்குமாம். பதினெட்டாம் லூயி ஒருமுறை தம்மைக் காணவந்த வானியலாளர்களிடம் இது பற்றிக் கேட்டாராம். பெருங்கணித மேதையான லாப்லாஸ் விடை தெரியாமல் திகைத்தாராம். இதைச் சொன்னவர் வானியலாளர் பிரான்சுவா அராகோ. விளக்கத்தையும் அவரே தந்தார். மேகமில்லாத இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கின்றன. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே தளிர் உறைந்து போகக்கூடும். மேகம் மூடியிருந்தால் வெப்பம் அவ்வளவாக வெளியேறாது. நிலவு பளிச்சென்று தெரிந்த இரவு என்றால் மேகமில்லாத இரவு என்று பொருள். உழவர்கள் பார்த்தது பொய்யன்று. தளிர் கருகியது உண்மை. நிலவு அங்கே இருந்ததும் உண்மை. ஆனால் அது சாட்சியாக நின்றது, குற்றவாளி வேறு. நீதிமன்றம் அறிந்த லா கென்தினி இந்த விளக்கத்தைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்!

இருபதாம் நூற்றாண்டில் நிலவு மீண்டும் வந்தது. இம்முறை அது வந்த வழியில் ஒரு பெருந்துயரம் இருந்தது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து அம்மோனியா ஆக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. உரம் மூட்டையில் வந்தது. பத்தாண்டுகள் கழித்து, விதையின் வீரியம் குறைகிறது, மண் களைத்துவிட்டது, கால்நடைகள் நலிகின்றன என்ற முறையீட்டுடன் சில பண்ணையாளர்கள் ருடால்ஃப் ஸ்டைனரை நாடினார்கள். 1924 ஜூனில் பிரெஸ்லாவ் நகருக்கு அருகே கோபர்விட்ஸ் பண்ணையில் அவர் எட்டு உரைகள் நிகழ்த்தினார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. பண்ணையை ஓர் உயிராகக் காண வேண்டும் என்றார். கோள்களும் நிலவும் பயிரை ஆள்வதாகவும் சொன்னார். அடுத்த மார்ச்சில் அவர் மறைந்தார். கேள்வி நியாயமானது. விடையின் ஒரு பாதி, பிளினி விட்ட இடத்துக்கே திரும்பிப் போனது.

சமையலறைச் சுவரில் நாம் கண்ட நாட்காட்டிகளில் பல, அந்த வழியில் வந்த மரியா தூனின் முறையைப் பின்பற்றுபவை. 1950களில் முள்ளங்கியை வெவ்வேறு நாட்களில் விதைத்துப் பார்த்த அவர், நிலவு எந்த இராசி மண்டலத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப வேர், இலை, பூ, கனி செழிக்கும் என்று முடிவு செய்தார். 1963 முதல் ஆண்டுதோறும் நாட்காட்டி வெளியிட்டு, 2012இல் மறைந்தார். அவருடைய உழைப்பை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் அதே இயற்கை வேளாண் வட்டத்தைச் சேர்ந்த ஹார்ட்முட் ஸ்பீஸ், பல ஆண்டுகள் வயல்சோதனை செய்து 1990இல் வெளியிட்ட முடிவுகள் தூனின் இராசிக் கணக்கை உறுதிப்படுத்தவில்லை. 2020இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இயற்பியல், தாவரவியல் நூல்களை அலசி, பயிர்த்தொழிலில் பிறை பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். முழுநிலவின் ஒளி, வெயிலின் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான்.

விதிவிலக்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் வளரும் எபிட்ரா வகைப் புதர் ஒன்று, ஜூலை முழுநிலவை ஒட்டி மகரந்தத்தை ஏற்கும் இனிப்புத் துளிகளைச் சுரக்கிறது என்று 2015இல் இரு சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நிலவொளியில் மின்னும் துளிகளைத் தேடி இராப்பூச்சிகள் வருமாம். முள்ளங்கிக்கு அப்படியொரு விருந்தாளி தேவையில்லை.

இனி பெர்மாகல்ச்சர். இது தோன்றிய இடம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. 1974இல் ஹோபார்ட் நகரில் சந்தித்த பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978இல் வெளியிட்ட நூலோடு அச்சொல் உலகுக்கு வந்தது. ஹோம்கிரென் 2002இல் பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தபோது உற்றுநோக்குதலுக்கே முதலிடம் தந்தார். வெயிலைத் தேக்கும் சுவர், சரிவில் நீரைப் போலக் கீழிறங்கித் தேங்கும் குளிர்காற்று, ஒன்றன் கழிவை மற்றொன்றின் உணவாக்குதல் என்று அவர்கள் பேசியவற்றை லா கென்தினி படித்திருந்தால், இதைத்தானே நாம் செய்தோம் என்றிருப்பார். குதிரைச் சாணத்துக்கு அங்கே பஞ்சமிருக்கவில்லை. எத்தனை ஆட்களின் முதுகு ஒடிந்தது என்பது வேறு கதை.

குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் இந்த முறைக்கு மிக உகந்தவை. இலை உதிர்ந்த தோட்டத்தில் எலும்புக்கூடு தெரியும். தாழ்வாக வரும் வெயில் எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் போகிறது என்பது அப்போதுதான் புலப்படும். விடியலில் உறைபனி எந்த மூலையில் முதலில் உருகுகிறதோ அங்கே பட்டாணியை முன்னதாக ஊன்றலாம். கடைசிவரை வெண்மையாகக் கிடக்கும் பள்ளத்தில் பூக்கும் பழமரம் வைக்கலாகாது. நம் உழவர்கள் பட்டம் என்று சொல்வார்களே, அந்தச் சொல்லுக்குள் மாதம் மட்டுமா இருக்கிறது? மழை, காற்று, மண்ணின் ஈரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. பிறை பார்ப்பவர் ஒவ்வொரு மாலையும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார் என்ற ஒரு நன்மையை மட்டும் நாம் மறுக்கவில்லை. மேகமில்லை என்று கண்டால் நாற்றுகளை மூடிவிட்டுப் படுப்பார் அல்லவா!

டாஸ்மேனியாவில் குளிர் முடிவது ஆகஸ்டில். அங்கே வளர்பிறையின் ஒளிவிளிம்பு இடப்பக்கம் தெரியும். தூனின் முறையில் நடவுக்கு உகந்ததாகச் சொல்லப்படும், நிலவு தாழ்ந்து செல்லும் நாட்கள், தென்பாதி உலகத்தில் தலைகீழாகின்றன. வடக்கே நாற்று நடுவதற்கு விலக்கான நாட்கள் அங்கே நடவு நாட்கள். விடியற்காலைப் பனி மட்டும், வெர்சாயில் போலவே, வெயில் முதலில் படும் சுவரோரத்திலிருந்து உருகத் தொடங்குகிறது.