குழந்தைகளில் லாக்டோசு செரியாமை

குழந்தைகளில் லாக்டோசு செரியாமை என்பது பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோசைக் குழந்தையின் சிறுகுடல் செரிக்க இயலாத நிலை ஆகும். லாக்டேசு என்னும் நொதியின் குறைவே இதற்குக் காரணம். செரியாத லாக்டோசைப் பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வதால் வயிற்று உப்புசம், வலி, நீர்த்த வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றுகின்றன.

காரணம்

பிறவியிலேயே லாக்டேசு இல்லாமை மிக அரிது. 1 முதல் 3 வயது வரையிலான குழந்தைகளில் இது பெரும்பாலும் ரோட்டா வைரசு போன்ற தொற்றுகள் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைப்பதால் உண்டாகிறது. உட்சுவர் புதுப்பிக்கப்பட்டதும், பொதுவாகச் சில வாரங்களில், இந்நிலை நீங்கும். ஆகவே பாலை நிலையாக நிறுத்தத் தேவையில்லை, தாய்ப்பாலைத் தொடரலாம்.

பால் ஒவ்வாமையிலிருந்து வேறுபாடு

பால் ஒவ்வாமை என்பது பாலின் புரதத்திற்கு எதிரான நோயெதிர்ப்பு வினை ஆகும். தோல் தடிப்பு, மூச்சுத்திணறல், மலத்தில் இரத்தம் ஆகியன அதன் அறிகுறிகளுள் சில. லாக்டோசு நீக்கிய பாலிலும் அப்புரதம் இருப்பதால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதுவும் தீங்கானது.