பிரதாப முதலியார் சரித்திரத்தில் வீரப்பயணம் யாருடையது?

வீரன் ஒருவன் தன் ஊரை நீங்குகிறான். அந்நிய நிலத்திலே சோதனைகளுக்கு ஆளாகிறான். பெற்ற பேற்றோடு மீள்கிறான். உலகப் புராணங்கள் பலவற்றிலும் காணப்படும் இவ்வமைப்பினை ஜோசப் கெம்பல் 1949ஆம் ஆண்டு விரிவாக எடுத்துரைத்தார். அவருக்கு முன்னரே, 1928இல், ருஷ்ய நாட்டார் கதைகளை ஆராய்ந்த விளாடிமிர் புரொப் அவற்றின் நிகழ்வுகளை 31 செயற்கூறுகளாக வகுத்திருந்தார். இத்தகைய பொதுவமைப்பு ஒரு நாவலை விளக்குவதற்கு எந்தளவு துணைபுரியும் என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

தமிழின் முதல் நாவலெனக் கொள்ளப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகக் கடமையாற்றியவர், பெண்கல்வியை வற்புறுத்தியவர். நாவலின் பெயர் பிரதாபனுக்குரியது. கதையைக் கூறுபவனும் அவனே. எனினும், கதைநிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்குமிடத்து, வீரனுக்குரிய பயணம் அவனுடையதன்று என்பது புலனாகும். மனைவியைப் பிரிந்து விக்கிரமபுரியை அடையும் அவன், செருப்புத் தைப்பவனோடு ஏற்பட்ட வழக்கொன்றிலே சிக்கிச் சிறைப்படுகிறான். அவனைத் தேடி ஆணுடையில் புறப்படுபவள் ஞானாம்பாள். யானை மாலைசூட்ட அரசுரிமை பெறுபவளும், நீதி வழங்குபவளும், கணவனை விடுவிப்பவளும் அவளே. புறப்பாடு, சோதனை, பேறு, மீட்சி ஆகிய நான்கும் அவளிடத்தேயே நிறைவுறுகின்றன.

இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது? யானை அரசனைத் தெரிந்தெடுப்பதும், பெண் ஆணுருக் கொள்வதும் நம் நாட்டார் கதைமரபில் நன்கு பயின்ற கூறுகளாம். மேனாட்டு நாவல் வடிவத்தைத் தமிழுக்குக் கொணர முனைந்த வேதநாயகம் பிள்ளை, அவ்வடிவத்தினுள்ளே வாய்மொழிக் கதையின் எலும்புக்கூட்டையே பொருத்தினார் எனலாம். இலங்கையிலே கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட அசன்பேயுடைய கதையிலும், குழந்தைப் பருவத்திலே எகிப்திலிருந்து பிரிக்கப்பட்ட நாயகன் இந்தியாவில் வளர்ந்து, ஈற்றில் பெற்றோரை அடைகிறான். தொடக்ககாலத் தமிழ் நாவல்கள் பழங்கதையின் தோளிலேறியே புதிய உலகைக் கண்டன.

ஆயினும், பொதுவமைப்பைக் கண்டுகொள்வதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அமைப்பு எங்கே திரிகிறது என்பதிலேயே வரலாறு வெளிப்படுகிறது. ஞானாம்பாள் பெற்ற அரசைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. மறைந்த அரசனின் மகளாகிய ஆனந்தவல்லிக்கு அதனை அளித்துவிட்டு, மீண்டும் மனைவியாகவே ஊர் திரும்புகிறாள். ஆணுடையில் மட்டுமே ஆளத்தக்கவளாகப் பெண்ணைக் கற்பனை செய்தது அக்காலச் சீர்திருத்த நோக்கின் எல்லை. அதேவேளை, அரியணையில் வெளிப்படையாக ஒரு பெண்ணையே அமரச்செய்தமை அவ்வெல்லையை ஆசிரியர் ஓரடி கடந்தமைக்குச் சான்று.

இம்முரண்பாட்டை எல்லாக் காலத்துக்கும் பொதுவான புராண அமைப்பு விளக்கமாட்டாது. 1879ஆம் ஆண்டின் தமிழ்ச் சமூகமே விளக்கும். வீரனின் பயணத்தைத் தேடிச்செல்லும் மாணவர், அப்பயணம் எந்த மண்ணில், யாருடைய கால்களால் நடக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.