நாட்டுக் கருவேலுக்கு ‘நாட்டு’ வந்த கதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் தரிசைப் பார்த்தாலும், கண்மாய்க் கரையைப் பார்த்தாலும், குண்டாற்றுப் படுகையைப் பார்த்தாலும் ஒரே மரம்தான் அடைத்து நிற்கிறது. எழுத்தில் அதற்குச் சீமைக் கருவேல் என்று பெயர். பேச்சில் ‘சீமை’ பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது; கருவேல் என்றாலே அதுதான். இந்த மண்ணில் தொன்றுதொட்டு நிற்கும் கருவேலைச் சொல்லத்தான் இப்போது ‘நாட்டுக் கருவேல்’ என்று கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்த மரம் பெயரை எடுத்துக்கொண்டது. இருந்த மரத்துக்கு அடைமொழி வந்து சேர்ந்தது. இன்னும் தெற்கே, தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் போனால், குடை விரித்தாற்போல் நிற்கும் பழைய உடைமரத்தின் பெயரையும் இதுவே வாங்கிக்கொண்டிருக்கிறது.

‘சீமை’யே ஊர் மாறிய சொல். வடமொழியில் ‘சீமா’ என்றால் எல்லை. தமிழில் அது எல்லைக்குட்பட்ட நாட்டுக்கும் ஆகி, மறவர் சீமை, சிவகங்கைச் சீமை என்று இந்த வறண்ட பூமியையே குறித்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் கடல் கடந்து போய், சீமையெண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைப் பசு என்று அயலானவற்றுக்கெல்லாம் முன்னே வந்து நின்றது. வடக்கிலும் இதே தடம்தான். ஆட்சிப் பகுதியைக் குறித்த அரபுச் சொல் இந்தியில் ‘விலாயத்’ ஆகி, கடைசியில் இங்கிலாந்தைச் சுட்டியது. அங்கே இந்த மரம் ‘விலாயதி பபூல்’. தெலுங்கில் ‘சர்க்கார் தும்ம’, கன்னடத்தில் ‘பள்ளாரி ஜாலி’. பபூல், தும்ம, ஜாலி மூன்றும் அந்தந்த மொழி தன் சொந்தக் கருவேலுக்கு வைத்திருந்த பெயர்கள்.

புதிய மரத்துக்கு இத்தனை மொழிகளும் கருவேலின் பெயரையே கொடுத்ததற்கு முள்ளும் இலையும் மட்டும் காரணமல்ல. வேலி, விறகு, ஆட்டுக்கு நெற்று என்று கருவேல் பார்த்த வேலைகளையே இதுவும் பார்த்தது. வட தமிழ்நாட்டில் வேலையே பெயராகி ‘வேலிக்காத்தான்’ ஆயிற்று. ஓர் இனம் பிடிக்கும் இடமும் அங்கே அது பார்க்கும் வேலையும் சேர்ந்ததைச் சூழலியல் ‘செயல்வாழிடம்’ என்கிறது. ஒரே செயல்வாழிடத்துக்கு இரண்டு இனங்கள் போட்டியிட்டால் ஒன்று ஒதுங்க நேரும் என்பதை ரஷ்ய அறிஞர் காஸ் 1930களில் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகளை வளர்த்துக் காட்டினார். அவர் கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்ததன் பெரிய வடிவம் நரிக்குடி, பரளச்சித் தரிசுகளில் நடந்தது.

மரம் வந்த கதையில் ஒரு பிழையான நம்பிக்கை உண்டு. காமராசர் காலத்தில் விதை தூவித்தான் இது வந்ததாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் காமராசர் பிறந்தது 1903இல். அதற்கு முன்பே, 1876இல், சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் விதை கேட்டு எழுத, 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பாப் பகுதியில் ஊன்றப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம் அது. வறட்சியிலும் விறகு தரும் மரம் ஒன்று வேண்டும் என்ற தேவையில் பொய் எதுவும் இல்லை.

பரவியதற்கு ஆடு மாடுகள் பெரும் காரணம். நெற்று இனிக்கும், தின்ற ஆட்டின் வயிற்றில் விதையின் கெட்டித்தோல் இளகும், புழுக்கையோடு அது புது இடத்தில் விழும். இலையை மட்டும் ஆடு விரும்புவதில்லை. ஆகவே மேய்ச்சலில் மற்றச் செடிகள் தலைகடிபட, இது கடிபடாமல் எழும். உதிர்ந்த இலையிலிருந்து மண்ணில் இறங்கும் பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. பிறந்த நாட்டில் விதையைத் துளைத்துத் தின்னும் வண்டுகள் இதன் பெருக்கத்துக்குக் கடிவாளம் போட்டன. இதன் நெருங்கிய உறவு மரங்கள் தென்னாப்பிரிக்காவில் எல்லைமீறிய பிறகு, 1987இல் அப்படிப்பட்ட வண்டு ஒன்றை அங்கே வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள்.

எந்த இனக்கூட்டமும் தொடக்கத்தில் மெல்லப் பெருகி, பிறகு பாய்ந்து ஏறி, இடமும் நீரும் போதாதபோது தாங்கு திறனை எட்டி நிலைக்கும். பெல்ஜியத்தின் வெர்ஹல்ஸ்ட் 1838இல் இதற்குச் சமன்பாடு எழுதினார். மழையை நம்பிய விவசாயம் நொடித்து நிலங்கள் தரிசாக விடப்பட்டபோதெல்லாம், இந்த மரத்துக்கான தாங்கு திறன் உயர்ந்துகொண்டே போயிற்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்ற பழிக்கு அறிவியல் சான்று இல்லை. அதன் உண்மையான குற்றம் அடர்த்தி: உடை, இலந்தை, காரை, ஆவாரை என்று பல இனங்கள் கலந்து வாழ்ந்த சமுதாயம் ஒற்றை மரக் காடாகச் சுருங்கிப்போனது.

அதே அடர்த்திதான் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறது. திருச்சுழி, கமுதி வட்டாரங்களில் கட்டையை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். விளையாத பூமியில் இந்தக் கரிதான் கைக்காசு. மரத்தை ஒழிக்கச் சொல்பவர்கள் இவர்களையும் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தக் கணக்கு அரைகுறை.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கெனக் கொள்கை வெளியிட்டது. மேலே வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகள் வெடிக்கும். தூரைத் தோண்டி எடுத்தாலும், மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்த ஐப்பசி மழையில் முளைக்கும். வெட்டிய இடத்தில் வேறு மரங்களை நட்டு நிழல் ஏறும்வரை காவல் காத்தால்தான் பழைய சமுதாயத்துக்கு வழி பிறக்கும். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேல் இன்னும் தாக்குப்பிடிக்கிறது; வேர் நனைந்து கிடந்தாலும் தாங்கும் குணம் அதற்கு உண்டு. விதைக்கு அங்கேயே போகலாம்.

தாவரவியலிலும் அண்மையில் ஒரு பெயர்மாற்றம் நடந்தது. நம் கோயில்களின் வன்னி மரமும் சீமைக் கருவேலும் ‘பிரோசோபிஸ்’ என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2022இல் ஆய்வாளர்கள் அதைப் பிரித்து, சீமைக் கருவேலை ‘நெல்டூமா’ ஆக்கினார்கள். பழைய பெயர் வன்னியிடமே இருக்கிறது.