அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வீரர் மதிப்பீடும் விருதுகளும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வீரர்களின் திறமை மூன்று வழிகளில் அளக்கப்படுகிறது. பயிற்சியாளர்கள் ஆட்டத்தின் படப்பதிவைப் பார்த்துத் தரம் போடுகிறார்கள். ஆட்டப் பதிவாளர்கள் எண்களைக் குறிக்கிறார்கள். செய்தியாளர்களும் முன்னாள் வீரர்களும் வாக்களித்து விருதுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டம். களத்தில் ஓர் அணிக்கு 11 பேர் இருந்தாலும், பந்தை எறிவதும் பிடிப்பதும் சுமந்து ஓடுவதும் அவர்களில் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களின் உழைப்பை எப்படி அளப்பது என்பதே இந்தத் துறையின் தீராத கேள்வி.

தோற்றம்

கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் நடந்தது. ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டனை 6-4 என்ற கணக்கில் வென்றது. சிறந்த வீரர்களைத் தனியே பெயர் சொல்லிப் பாராட்டும் வழக்கம் அதற்கு 20 ஆண்டுகள் கழித்து வந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் காம்ப், விளையாட்டு எழுத்தாளர் காஸ்பர் விட்னி ஆகியோரின் பெயர்கள் இணைந்த முதல் ‘ஆல்-அமெரிக்கா’ அணி 1889இல் வெளியானது. அதில் இடம்பெற்ற 11 பேரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மாணவர்களே. தேர்வாளர்களின் கண்ணுக்கு எட்டிய தூரம் அன்று அவ்வளவுதான். காம்ப் 1925இல் மறைந்தபின் ‘கோலியர்ஸ்’ இதழுக்காக அந்தப் பணியை கிரான்ட்லாண்ட் ரைஸ் தொடர்ந்தார்.

பயிற்சியாளரின் தரம்

பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை நடக்கின்றன. ஆட்டம் முடிந்த கையோடு, ஒவ்வொரு நிலைக்கும் உரிய துணைப் பயிற்சியாளர் தன் வீரர்களின் படப்பதிவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கத் தொடங்குகிறார். பந்து கிளம்புவதிலிருந்து ஆட்டம் நிற்பது வரை ஒரு நகர்வு. ஒவ்வொரு நகர்விலும் ஒவ்வொரு வீரருக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறி விழுகிறது. கொடுத்த வேலையைச் செய்தாரா, செய்த முறை சரியா, கடைசிவரை முயன்றாரா என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கும் அணிகளும் உண்டு. 65 நகர்வுகளில் ஆடிய ஒருவர் 57இல் கூட்டல் குறி வாங்கினால் அவர் தரம் ஏறத்தாழ 88 விழுக்காடு.

பந்தை வைத்திருப்பவருக்காக எதிராளியைத் தடுக்கும் தாக்குதல் வரிசை லைன்மேன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓட்டப்பந்து நகர்வில் அவர் முதல் அடியை எந்தக் காலால் வைத்தார், எதிராளியின் எந்தப் பக்கம் தலையைக் கொண்டுபோனார், கைகள் எதிராளியின் மார்புக்குள் பதிந்தனவா, விசில் ஊதும்வரை கால்கள் ஓயாமல் இயங்கினவா என்று ஒவ்வொன்றையும் பயிற்சியாளர் கவனிக்கிறார். அவர் கோட்டைவிட்ட எதிராளி தடுமாறி விழுந்ததால் சக வீரர் 40 யார்டு ஓடியிருந்தாலும் அவருக்குக் கழித்தல்தான். அவர் சரியாகத் தடுத்தும் வேறொருவர் பிழையால் ஓட்டம் முடங்கினால் அவருக்குக் கூட்டல் உண்டு. விளைவை ஒதுக்கிவிட்டு வேலையை மட்டும் பார்ப்பதே இந்த முறையின் நேர்மை. எதிராளியை மல்லாக்கச் சாய்க்கும் தடுப்புக்கு வீரர்கள் ‘பான்கேக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கணக்கு வைக்கும் அணிகளும் இருக்கின்றன.

இந்த மதிப்பீடுகள் பொதுவாக அணியைத் தாண்டி வெளியே வருவதில்லை. தலைக்கவச ஒட்டிகள் இதற்கு விலக்கு. ஒஹாயோ ஸ்டேட் அணியில் வுடி ஹேஸ் பயிற்சியாளராக இருந்தபோது, 1968இல், நன்றாக ஆடியவர்களின் கவசத்தில் பக்கை மர இலை வடிவ ஒட்டியை ஒட்டும் வழக்கம் தொடங்கியது. பருவம் முடிவதற்குள் சில கவசங்கள் இலைகளால் நிறைந்துவிடும். ஃபுளோரிடா ஸ்டேட் உள்ளிட்ட வேறு சில அணிகளும் தத்தம் சின்னங்களை இப்படி ஒட்டுகின்றன.

எண்களின் கணக்கு

பந்தோடு தொடர்புடைய ஒவ்வொரு செயலையும் ஆட்டப் பதிவாளர்கள் உடனுக்குடன் எழுதுகிறார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் திறனை அளக்க, தேசியக் கல்லூரித் தடகளச் சங்கமான என்சிஏஏ 1979 முதல் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. எறிந்து பெற்ற யார்டுகளை 8.4 ஆலும், பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன்களை 330 ஆலும், பிடிக்கப்பட்ட எறிகளை 100 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். எதிரணி பறித்த ஒவ்வோர் எறிக்கும் 200 கழிக்க வேண்டும். வரும் தொகையை மொத்த எறிகளால் வகுத்தால் விடை. 30 எறிகளில் 20 பிடிபட்டு, 250 யார்டும் 2 டச்டவுனும் கிடைத்து, ஒன்று பறிபோயிருந்தால் மதிப்பெண் 152.

எண்களை ஒப்பிடும்போது காலத்தையும் பார்க்க வேண்டும். ஒக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் 1988இல் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடினார். பருவ இறுதியின் ‘பவுல்’ ஆட்டங்களை அன்று கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ஹாலிடே பவுலில் அவர் ஓடிய 222 யார்டு சாதனைப் பட்டியலுக்குள் வரவில்லை. அந்த ஆட்டங்கள் 2002 முதல்தான் சேர்க்கப்படுகின்றன. பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி 2024இல் 14 ஆட்டங்களில் 2,601 யார்டு எடுத்து, சாண்டர்ஸின் சாதனையை மயிரிழையில் தவறவிட்டார். இரண்டு எண்களையும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சாண்டர்ஸுக்குச் செய்யும் அநீதி.

தற்காப்பு வீரர்களின் நிலை இதைவிட மோசமாக இருந்தது. குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் ‘சாக்’ போன்ற தற்காப்புக் கணக்குகளை என்சிஏஏ 2000இல்தான் அதிகாரபூர்வமாக்கியது. தாக்குதல் வரிசை லைன்மேன்களுக்கோ சொல்லிக்கொள்ளும்படி எண் எதுவும் இன்றுவரை இல்லை.

வெளியார் தரப்புள்ளி

அந்த வெற்றிடத்தை நிரப்ப முயல்கிறது புரோ ஃபுட்பால் ஃபோக்கஸ் நிறுவனம். பிரிட்டனில் நீல் ஹார்ன்ஸ்பி தொடங்கிய இந்த நிறுவனம் 2014 பருவத்திலிருந்து கல்லூரி ஆட்டங்களையும் அலசுகிறது. ஒவ்வொரு நகர்விலும் ஒவ்வொரு வீரருக்கும் −2 முதல் +2 வரை அரைப் புள்ளி இடைவெளியில் மதிப்பீடு உண்டு. எதிர்பார்த்த வேலையைச் செய்தவருக்குப் பூஜ்யம். இவை பின்னர் 100 வரையிலான அளவுகோலுக்கு மாற்றப்படுகின்றன. குறுகிய எறியைப் பிடித்தவர் தன் வேகத்தால் 70 யார்டு ஓடினால் அந்தப் பெருமை ஓடியவருக்கே போகும். துல்லியமாக வந்த பந்தைப் பிடிக்கத் தவறினால் பழி எறிந்தவர்மேல் விழாது.

இந்த முறைக்கு எதிராகப் பயிற்சியாளர்கள் சொல்லும் குறையும் நியாயமானது. அந்த நகர்வில் வீரருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் எல்லா அணிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் வசதி எந்தப் பயிற்சியாளரின் குறிப்பேட்டிலும் கிடைக்காது.

ஆல்-அமெரிக்கன் தேர்வு

இன்று பல அமைப்புகள் ஆல்-அமெரிக்கா அணிகளை அறிவிக்கின்றன. அவற்றில் அசோசியேட்டட் பிரஸ், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கம், கால்பந்து எழுத்தாளர் சங்கம், ஸ்போர்ட்டிங் நியூஸ், வால்டர் காம்ப் அறக்கட்டளை ஆகிய ஐந்தின் தேர்வுகளை வைத்தே என்சிஏஏ ஒருமித்த பட்டியலைத் தயாரிக்கிறது. ஐந்தும் முதல் அணியில் சேர்த்த வீரர் ‘ஏகமனதான’ ஆல்-அமெரிக்கன் ஆகிறார். அட்லான்டாவில் உள்ள கல்லூரிக் கால்பந்துப் புகழ்மன்றத்துக்கு முன்மொழியப்படும் வீரர், அங்கீகாரம் பெற்ற ஒரு தேர்வாளரின் முதல் அணியில் ஒருமுறையாவது இடம்பெற்றிருக்க வேண்டும். ஆகவே இந்தப் பட்டியல் பல ஆண்டுகள் கழித்தும் ஒருவரின் பெயரைத் தூக்கி நிறுத்துகிறது.

ஹைஸ்மன் கோப்பை

தனிநபர் விருதுகளில் தலையாயது ஹைஸ்மன். நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் 1935இல் வழங்கிய முதல் கோப்பையை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் பெற்றார். கிளப்பின் தடகள இயக்குநராக இருந்த ஜான் ஹைஸ்மன் 1936இல் இறந்தபின் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1961இல் வென்ற சிராக்யூஸின் எர்னி டேவிஸ் இதைப் பெற்ற முதல் கறுப்பின வீரர். ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் (1974, 1975) ஒருவரே இருமுறை வென்றவர்.

நாடு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு 145 வீதம் 870 செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். முன்னர் விருது பெற்றவர்களுக்கும் வாக்கு உண்டு. ரசிகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுத, அவற்றுக்கு 3, 2, 1 என்று புள்ளிகள் கிடைக்கின்றன.

சிற்பி ஃபிராங்க் எலிஸ்கு வடித்த வெண்கலச் சிலையில் ஒரு வீரர் பந்தை அணைத்தபடி, மறு கையை நீட்டி எதிராளியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். வாக்குகளும் அந்தச் சிலையைப் போன்றவர்களையே தேடிப் போயிருக்கின்றன. 2000 முதல் 2024 வரையிலான 25 விருதுகளில் 20 குவார்ட்டர்பேக்குகளுக்குச் சென்றன. தற்காப்பை முதன்மையாகக் கொண்டவர்களில் மிச்சிகனின் சார்லஸ் வுட்சன்தான் முதலில் வென்றார், 1997இல். தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடிய கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் 2024இல் வென்றார். தாக்குதல் உள்வரிசை லைன்மேன் ஒருவருக்கும் இதுவரை விருது கிட்டவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973இல் இரண்டாம் இடம் வரை வந்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஆர்லாண்டோ பேஸ் 1996இல் நான்காம் இடம் பெற்றார்.

நிலைவாரி விருதுகள்

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுபவை நிலைவாரி விருதுகள். உள்வரிசை லைன்மேன்களுக்கான அவுட்லண்ட் கோப்பை 1946இலேயே வந்துவிட்டது. குவார்ட்டர்பேக்குக்கு டேவி ஓ’பிரையன், ஓட்டக்காரருக்கு டோக் வாக்கர், பந்து பிடிப்பவருக்கு பிலெட்னிகாஃப், லைன்பேக்கருக்கு பட்கஸ், பின்தற்காப்பு வீரருக்கு ஜிம் தோர்ப், பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவருக்கு லூ கிரோசா என்று ஒவ்வொரு நிலைக்கும் விருதுகள் பெருகின.

2015இல் தொடங்கிய ஜோ மூர் விருது ஒரு படி மேலே சென்றது. அது தனி ஒருவருக்குத் தரப்படுவதில்லை. நாட்டின் சிறந்த, ஐவர் கொண்ட தாக்குதல் வரிசை முழுவதற்கும் சேர்த்து வழங்கப்படுகிறது. முன்னாள் லைன்மேன்களும் பயிற்சியாளர்களும் அடங்கிய குழு படப்பதிவுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. ஒருவர் தவறினால் ஐவரின் உழைப்பும் வீணாகும் இடத்தில், ஐவரையும் ஒன்றாகப் பாராட்டுவதே முறை.

இன்றைய முக்கியத்துவம்

இளநிலை வீரர்கள் தொழில்முறை ஆட்டத்துக்கு முன்கூட்டியே போகலாமா என்று கேட்டால், தொழில்முறைக் கூட்டமைப்பான என்எஃப்எல்லின் ஆலோசனைக் குழு, வீரர் தேர்வின் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கல்லூரியிலேயே தொடர்க என்ற மூன்றில் ஒரு பதிலைத் தருகிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. மதிப்பீடு என்பது இப்போது புகழோடு நிற்காமல் ஓர் இளைஞரின் வருமானத்தையும் தொடுகிறது. எனவே எண்ணில் அடங்காத லைன்மேனின் ஆட்டத்தைப் பொறுமையாகப் படப்பதிவில் பார்த்துத் தரமிடும் உழைப்பு, விருது மேடையைவிடப் பெரிய பொறுப்பாகிவிட்டது.